ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்பட்டால்: சட்ட உதவி பெறும் வழிமுறைகள்

நெய்யாறு அணையை ஒட்டிய கள்ளிக்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றங்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய எல்லைப் பகுதியில் வாகனம் ஓட்டுதல் பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம். ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் மரவள்ளிக் கிழங்கும் சந்தைக்குச் செல்வது சரக்கு ஆட்டோக்களிலும் சிறு டெம்போக்களிலும்தான். அவற்றுள் பல வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. மாதத் தவணை குறித்த தேதியில் வங்கிக்கு வந்து சேர வேண்டுமாயின், வாகனம் நாள்தோறும் ஓட வேண்டும். வாகனம் ஓட, ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும்.

அந்த உரிமம் இடைநிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வரும்போது பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் “மூன்று மாதந்தானே” என்று பேசாமல் இருந்துவிடுகின்றனர். சிலர் இடைத்தரகரை நாடிப் பணத்தை இழக்கின்றனர். சட்டம் இவ்விரண்டையும்விட நல்ல வழிகளை வகுத்துள்ளது. விளக்கமளிக்கும் உரிமை, ஆணையின் காரணங்களை எழுத்தில் பெறும் உரிமை, மேல்முறையீட்டு உரிமை, தகுதியுடையோர்க்குக் கட்டணமில்லாச் சட்ட உதவி ஆகிய நான்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டியவை.

உரிமத்தை இடைநிறுத்த யாருக்கு அதிகாரம்?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த அதிகாரத்தை மூன்று வழிகளில் அளிக்கிறது. எந்த வழியில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும். ஆகவே ஆணையில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உரிமம் வழங்கும் அதிகாரி, அதாவது வட்டார அல்லது துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலர், 19-ஆம் பிரிவின்கீழ் எடுக்கும் நடவடிக்கை. நடைமுறையில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இடைவிடாத குடிப்பழக்கம், போதைப்பொருள் பழக்கம், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தில் வாகனத்தைப் பயன்படுத்துதல், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் ஓட்டி வந்தமை, பொய்த் தகவல் தந்து உரிமம் பெற்றமை முதலியன இதற்குரிய காரணங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-ஆம் விதி, பொதுமக்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ விளைவிக்கும் செயல்களைப் பட்டியலிடுகிறது. சரக்கு வாகனத்தில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், அதில் ஆட்களை ஏற்றிச் செல்லுதல், வேக வரம்பை மீறுதல், ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துதல், நிறுத்தச் சைகை காட்டியும் நிற்காமல் செல்லுதல் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும்.

இரண்டாவது, குற்றவியல் நீதிமன்றம் தண்டனை வழங்கும்போது 20-ஆம் பிரிவின்கீழ் விதிக்கும் தகுதி நீக்கம்.

மூன்றாவது, 21-ஆம் பிரிவின்கீழ்த் தானாகவே நிகழும் இடைநிறுத்தம். ஆபத்தான முறையில் ஓட்டியதற்காக 184-ஆம் பிரிவின்கீழ் முன்பே தண்டிக்கப்பட்ட ஒருவர்மீது, மீண்டும் அவ்வாறு ஓட்டி மரணமோ கொடுங்காயமோ விளைவித்ததாக வழக்குப் பதிவானால், உரிமம் 6 மாதத்திற்கு இடைநிறுத்தப்படும். அதற்குள் அவர் விடுவிக்கப்பட்டால் இடைநிறுத்தமும் முடிவுறும்.

காவலர் செய்யக்கூடியதும் கூடாததும்

சாலையில் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் காவல் அலுவலரே உரிமத்தை இடைநிறுத்திவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் 206-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு கூறுவது வேறு. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், மது அருந்தி ஓட்டுதல், பந்தயம், பாதுகாப்பற்ற வாகனம், இருசக்கர வாகனத்தில் மூவர் செல்லுதல், தலைக்கவசமின்மை, அவசர ஊர்திக்கு வழிவிடாமை ஆகிய குற்றங்கள் நிகழ்ந்ததாக நம்புவதற்குக் காரணம் இருந்தால், அலுவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம். இடைநிறுத்துவதா இல்லையா என்று முடிவு செய்பவர் அந்த அதிகாரியே. காவல்துறைக்கு உரிமத்தை இடைநிறுத்தும் அதிகாரம் இல்லை என்பதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் தெளிவாக எடுத்துரைத்தது.

உரிமத்தைக் கைப்பற்றும் அலுவலர் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது ஓட்டுநரின் உரிமை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: உரிமம் திருப்பித் தரப்படும்வரை அச்சீட்டை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கவில்லை.

அபராதம் கட்டினால் விவகாரம் முடிந்துவிடுமா?

முடியாது. பலரை இடறச் செய்யும் இடம் இதுவே. சலான் தொகையைச் செலுத்தியதும் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணி, பின்னர் வரும் அறிவிப்புக்குப் பதில் அளிக்காமல் விடுவோர் உண்டு. குற்றத்தை இணக்கத் தொகை செலுத்தித் தீர்த்துக்கொள்வதைப் பற்றிக் கூறும் 200-ஆம் பிரிவில், 2019-இல் இரண்டு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. தொகை செலுத்தினாலும் 206-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படியான உரிம நடவடிக்கையிலிருந்து விடுதலை இல்லை என்பது ஒன்று. அடுத்த முறை அதே குற்றம் நிகழ்ந்தால், தொகை செலுத்தித் தீர்த்த குற்றம் முந்தைய குற்றமாகவே கணக்கிடப்படும் என்பது மற்றொன்று.

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களின் பதிவைக்கொண்டு அபராதம் விதிக்கப்பட்டு வருகிறது. கேமராவின் அறிவிப்பு வாகன உரிமையாளரின் பெயருக்கே வரும். வாகனத்தை ஓட்டியவர் மகனோ பணியாளரோ எனில், அதை உரிய காலத்தில் எழுத்து மூலம் தெரிவிக்காமல் பணத்தைச் செலுத்தினால், குற்றம் உரிமையாளரின் கணக்கில் சேரக்கூடும். ஓட்டியவர் யார் எனக் கேட்கும்போது தகவல் அளிப்பது 133-ஆம் பிரிவின்கீழ் உரிமையாளரின் கடமையுமாகும்.

இடைநிறுத்த நடவடிக்கை பெருகியது ஏன்?

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையால், நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், அதிகப் பாரம், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல், மது அருந்தி ஓட்டுதல், கைப்பேசி பயன்படுத்துதல் ஆகியவற்றுக்கு உரிமத்தை 3 மாதத்திற்குக் குறையாமல் இடைநிறுத்த வேண்டும் என்று அக்குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதன்பின்னரே இந்நடவடிக்கை நாடெங்கும் பெருகியது.

கடுமையான நடவடிக்கைகளுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே இருசக்கர வாகனத்தில் சாகசம் செய்து விபத்துக்குள்ளான யூடியூபர் ஒருவரின் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. 2024-இல் ஆலப்புழையில் காருக்குள் நீர் நிரப்பி நீச்சல் குளமாக்கிச் சாலையில் ஓட்டிய மற்றொரு யூடியூபரின் உரிமம் முதலில் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டு, பின்னர் முழுமையாக ரத்து செய்யப்பட்டது. இவை விதிவிலக்கான நிகழ்வுகள். சாதாரண ஓட்டுநர்கள் எதிர்கொள்வது பெரும்பாலும் 3 மாத இடைநிறுத்தமே.

விளக்கம் கேட்கும் அறிவிப்பு: முதலும் முக்கியமுமான வாய்ப்பு

19-ஆம் பிரிவு அதிகாரிக்கு இரண்டு கடமைகளை விதிக்கிறது. உரிமதாரருக்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்பளித்தல் ஒன்று. ஆணைக்குரிய காரணங்களை எழுத்தில் பதிவு செய்தல் மற்றொன்று. இவற்றுள் ஒன்று தவறினாலும் ஆணையை எதிர்க்க வலுவான காரணம் கிடைக்கிறது. விபத்து வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானதை மட்டுமே காரணமாகக் காட்டி, ஓட்டுநரைக் கேளாமலும் சூழ்நிலையை ஆராயாமலும் பிறப்பிக்கப்பட்ட இடைநிறுத்த ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ரத்து செய்துள்ளது.

எனவே அறிவிப்பு வந்ததும் அதில் குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். அஞ்சலில் அனுப்பினால், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் அனுப்புவதே தக்கது. நேரில் விசாரிக்கப்பட விரும்பினால் அதையும் விளக்கத்திலேயே கேட்க வேண்டும்.

விளக்கத்தில் என்ன எழுதுவது என்பது எந்த உட்பிரிவின்கீழ் நடவடிக்கை என்பதைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது மிகவும் பயனளிக்கும்.

காவலர் கைப்பற்றி அனுப்பிய உரிமமாயின், 19-ஆம் பிரிவின் 1-அ உட்பிரிவு பொருந்தும். சட்டத்தின் வாசகப்படி இங்கு அதிகாரிக்கு முன் இரண்டே வழிகள்: உரிமதாரரை விடுவித்தல், அல்லது முதல் குற்றத்திற்கு 3 மாதத் தகுதி நீக்கம் விதித்தல். இரண்டாம் முறை எனில் உரிமமே ரத்தாகும். ஆகவே “குடும்பம் வறுமையில் வாடுகிறது, ஒரு மாதமாகக் குறையுங்கள்” என்று இங்கு மன்றாடுவதால் பெரும் பயன் இல்லை. குற்றமே நிகழவில்லை, ஓட்டியவர் நான் அல்லேன், பதிவான வாகன எண் தவறானது, சான்று போதாது என்பன போன்ற வாதங்களையே முன்வைக்க வேண்டும்.

1-ஆம் உட்பிரிவின்கீழான நடவடிக்கையாயின் காலத்தின் அளவு அதிகாரியின் தீர்மானத்திற்கு உட்பட்டது. அங்குப் பல ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டிய வரலாறு, குடும்பத்தின் ஒரே வருவாய், வாகனக் கடன் தவணை, செயலின் தன்மை ஆகியவற்றை எடுத்துக்காட்டிக் காலத்தைக் குறைக்கக் கேட்பது பொருத்தமாகும்.

சான்றுகளைத் திரட்டுதல்

வேகம் மீறியதாகக் குற்றச்சாட்டு எனில் கருவியின் பதிவையும், அக்கருவி முறையாகச் சோதிக்கப்பட்டதற்கான சான்றையும், அவ்விடத்துக்குரிய வேக வரம்பையும் கேட்கலாம். மது அருந்தி ஓட்டியதாக எனில், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததா என்பதே கேள்வி. மூச்சுப் பரிசோதனைக் கருவியின் அச்சுப் பதிவு அல்லது இரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்க வேண்டும். விபத்து எனில், முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, சம்பவ இட வரைபடம், அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகியன உதவும். கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடலாம். ஆதலால் அவற்றை முதல் வாரத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவும் ஆவணங்களைக் கேட்கலாம். ஆனால் அதில் பதிலளிக்க அலுவலகத்திற்கு 30 நாள் அவகாசம் உண்டு. மேல்முறையீட்டுக்கும் 30 நாளே. தகவல் வரட்டும் எனக் காத்திருந்தால் மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிடும்.

மேல்முறையீடு

ஆணை கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், மாநில விதிகளால் குறிக்கப்பட்ட மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிட 19-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு வழிசெய்கிறது. அந்த அதிகாரி யார், எந்த அலுவலகம், கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஆணை பிறப்பித்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆணை கைக்கு வந்த தேதியை உறையிலோ நகலிலோ குறித்து வைப்பது சிறு செயலாகத் தோன்றலாம். நாட்களை எண்ணும்போது அதன் மதிப்புத் தெரியும்.

மேல்முறையீடு தாக்கல் செய்த அளவிலேயே இடைநிறுத்தம் நின்றுவிடாது. முடிவு வரும்வரை ஆணையை நிறுத்திவைக்க இடைக்காலத் தடை கோரித் தனி மனுவும் இணைக்க வேண்டும். 3 மாத இடைநிறுத்தத்தில் இது இன்றியமையாதது. விசாரணை முடியுமுன்னரே தண்டனைக் காலம் முடிந்துவிட்டால் வெற்றி பெற்றும் பயனில்லை.

மேல்முறையீட்டு அதிகாரியின் ஆணை இறுதியானது என்று சட்டம் கூறினும், அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யும் வழி மூடப்படுவதில்லை. பொதுவாக, மேல்முறையீட்டைப் பயன்படுத்தாமல் நேரே வருவோரை உயர் நீதிமன்றம் முதலில் அங்கே போகச் சொல்லும். அறிவிப்பே தராமல் ஆணையிடுதல் போன்ற இயற்கை நீதி மீறல் இருந்தால் மட்டும் நேரடி மனு ஏற்கப்பட வாய்ப்பு உண்டு. நீதிமன்றம் விதித்த தகுதி நீக்கமாயின் பாதை வேறு: தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செல்லும் நீதிமன்றத்திலேயே அதையும் எதிர்க்க வேண்டும்.

இரு மாநிலத்துக்கும் நடுவே

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. உறவும் வணிகமும் எல்லையைத் தாண்டியே தொடர்கின்றன. ஒரே குடும்பத்தில் ஒருவர் காட்டாக்கடை அலுவலகத்தின் கே.எல். 74, பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றங்கரையின் கே.எல். 20 ஆகியவற்றுள் ஒன்றிலும், மற்றொருவர் மார்த்தாண்டத்தின் டி.என். 75-இலும் உரிமம் பெற்றிருப்பது இங்கு வியப்பன்று.

இவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய விதி எளியது. எந்த அலுவலகம் ஆணை பிறப்பித்ததோ, அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடமே செல்ல வேண்டும். கேரள அலுவலகத்தின் ஆணை எனில் எறணாகுளத்திலுள்ள கேரள உயர் நீதிமன்றம். கன்னியாகுமரி மாவட்ட அலுவலகத்தின் ஆணை எனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உரிம விவரங்கள் தேசியப் பதிவேட்டில் இருப்பதால், ஒரு மாநிலத்தில் விதிக்கப்பட்ட இடைநிறுத்தம் மற்ற மாநிலத்திலும் தெரியும். களியக்காவிளையைக் கடந்தால் ஓட்டலாம் என்னும் எண்ணம் தவறு. கைப்பேசியில் உரிமத்தின் மின்னணு நகலை வைத்திருப்பதும் இடைநிறுத்தத்தை மாற்றாது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைமை அலுவலகங்களுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுடனும் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளலாம். பதிலையும் தமிழில் பெறலாம். மலையாளத்தில் வந்த அறிவிப்பின் பொருள் தெளிவாக விளங்காமல் எதிலும் கையொப்பம் இடலாகாது.

கட்டணமில்லாச் சட்ட உதவி

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சியே பலர் ஆணையை எதிர்க்காமல் விடுகின்றனர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புகள் சட்டம் இத்தகையோர்க்காகவே இயற்றப்பட்டது. அதன் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிலகத் தொழிலாளர்கள், காவலில் உள்ளோர் முதலியோரும், ஆண்டு வருமானம் மாநில அரசு விதித்த வரம்புக்குட்பட்டோரும் இலவச உதவிக்கு உரியவர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை.

இச்சட்டத்தில் சட்ட உதவி என்பது நீதிமன்ற வழக்கை மட்டும் குறிப்பதன்று. பிற அதிகாரிகள் முன் நடைபெறும் சட்ட நடவடிக்கைகளையும், சட்ட ஆலோசனையையும் உள்ளடக்கியது. எனவே போக்குவரத்து அலுவலரின் அறிவிப்புக்கு விளக்கம் எழுதவும், மேல்முறையீடு தயாரிக்கவும் உதவி கேட்கலாம்.

நெய்யாற்றங்கரை நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் அமைப்பும் செயல்படுகின்றன. தமிழ்நாட்டு உரிமம் உடையோர் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட அமைப்பை அணுகலாம். நாடு முழுவதற்குமான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. விண்ணப்பத்தை எழுத்தில் தரலாம். எழுத இயலாதோர் வாய்மொழியாகக் கூறினால் பதிவு செய்துகொள்வர். அடையாளச் சான்று, வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று, அறிவிப்பு அல்லது ஆணையின் நகல், சலான் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.

சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்துவோர் மூன்று கேள்விகளைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மோட்டார் வாகன வழக்குகளில் அவருக்குப் பழக்கம் உண்டா? மொத்தக் கட்டணம் எவ்வளவு, அது விளக்கம், மேல்முறையீடு, ரிட் மனு ஆகியவற்றுள் எதுவரை? கொடுக்கும் தொகைக்கு இரசீது தருவாரா? அலுவலக வாயிலில் நின்று “உள்ளே சொல்லி முடித்துத் தருகிறேன்” என்பவரிடம் மூல ஆவணங்களைக் கொடுப்பது உரிமத்தையும் பணத்தையும் ஒருங்கே இழக்கும் வழி.

இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டினால்

தகுதி நீக்கம் நடப்பில் இருக்கும்போது வாகனம் ஓட்டுவது 182-ஆம் பிரிவின்கீழ் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இதைவிடப் பெரிய இழப்பு காப்பீட்டில் நேரும். ஓட்டுபவர் செல்லத்தக்க உரிமம் உடையவராகவும் தகுதி நீக்கம் பெறாதவராகவும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் காப்பீட்டின் அடிப்படை நிபந்தனை. அதை மீறினால் வாகனச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் இழப்பீடு செலுத்த நேர்ந்தாலும், அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2004-இல் அளித்த தீர்ப்பு விளக்கியுள்ளது. ஒரு நாள் சவாரிக்காக ஆயுட்காலச் சேமிப்பைப் பணயம் வைப்பதற்கு இது ஒப்பாகும்.

இடைநிறுத்தப்படுவது ஓட்டுநரின் உரிமம் மட்டுமே. வாகனப் பதிவோ அனுமதிச் சீட்டோ அதனால் முடங்குவதில்லை. தகுந்த உரிமம் உடைய வேறொருவரை ஊதியத்துக்கு அமர்த்தி வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டலாம். அவரது உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைப் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் சரிபார்த்த பின்னரே சாவியைக் கொடுக்க வேண்டும்.

தவணையும் 90 நாளும்

உரிமம் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. முதல் குற்றத்துக்கான இடைநிறுத்தம் 3 மாதம். தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையானால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் கணக்கு செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். இரண்டு காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதை வாகனக் கடன் பெற்றோர் ஊன்றி நோக்க வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கும் நாளில் கடன் கணக்கு கெட்டிருந்தால், அடுத்த கடன் பெறுவது பல ஆண்டுகளுக்குக் கடினமாகும்.

ஆகவே இடைநிறுத்த ஆணை வந்த வாரத்திலேயே, தவணை தவறுமுன், ஆணையின் நகலுடன் கிளை மேலாளரைச் சந்திப்பது நல்லது. தவணைத் தேதியை மாற்றுதல், தவணைக் காலத்தை நீட்டித்தல் போன்ற கோரிக்கைகளை எழுத்தில் அளிக்கலாம். அவற்றை ஏற்பது வங்கியின் விதிகளுக்கும் கணக்கின் நிலைக்கும் உட்பட்டது. எனினும் கணக்கு ஒழுங்காக இருக்கும்போது கேட்பதற்கும் மூன்று தவணை தவறிய பின் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முழுத் தவணை இயலாவிடினும் இயன்ற தொகையைச் செலுத்தி வருவதும், தானியங்கித் தவணைக்குரிய கணக்கில் போதிய இருப்பு வைப்பதும் திரும்பக் கட்டணத்தைத் தவிர்க்கும்.

உரிமத்தைத் திரும்பப் பெறுதல்

காலம் முடிந்ததும் உரிமம் தானே கைக்கு வந்துவிடும் என எண்ணலாகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை நிறைவு செய்த பின்னரே அது திருப்பித் தரப்படும். மலப்புறம் மாவட்டம் எடப்பாளில் ஓட்டுநர் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. கள்ளிக்காட்டிலிருந்து அது நெடுந்தொலைவு. எந்த மையத்தின் சான்று ஏற்கப்படும் என்பதை அலுவலகத்தில் முன்னரே கேட்டு, இடைநிறுத்தக் காலத்துக்குள்ளேயே பயிற்சியை முடித்துக்கொண்டால் வீண் நாட்கள் குறையும். உரிமம் திரும்பியதும் இணையப் பதிவில் நிலை திருத்தப்பட்டுள்ளதா எனவும் பார்க்க வேண்டும். இடைநிறுத்தக் காலத்தில் உரிமத்தின் செல்லுபடிக் காலம் முடிவுறுமாயின் புதுப்பித்தலை மறக்கலாகாது. காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மீண்டும் ஓட்டுத் தேர்வு எழ நேரும்.

நினைவில் கொள்ள வேண்டிய கால வரிசை

உரிமம் கைப்பற்றப்பட்ட நாளில்: ஒப்புகைச் சீட்டைப் பெறுக, எந்தப் பிரிவு எனக் குறித்துக்கொள்க, வாகனம் ஓட்டுவதை நிறுத்துக.

முதல் வாரத்தில்: கேமராப் பதிவு முதலிய சான்றுகளைத் திரட்டுக, 15100 எண்ணிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ ஆலோசனை பெறுக.

அறிவிப்பு வந்ததும்: குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளித்து ஒப்புகை பெறுக.

ஆணை வந்த வாரத்தில்: உரிமம் கையில் இருந்தால் ஒப்படைக்க, ஆணை நகலுடன் வங்கிக் கிளையை அணுகுக, மாற்று ஓட்டுநரை ஏற்பாடு செய்க.

ஆணை கிடைத்த 30 நாளுக்குள்: இடைக்காலத் தடை மனுவுடன் மேல்முறையீடு செய்க.

இடைநிறுத்தக் காலம் முடிவதற்குள்: புத்தாக்கப் பயிற்சியை நிறைவு செய்க; தவணை நிலுவை 90 நாளை எட்டாமல் காத்துக்கொள்க.

இக்கட்டுரை பொதுவான விளக்கமே. ஒவ்வொருவரின் ஆணையும் சூழ்நிலையும் வேறுபடும் ஆதலால், தம் ஆவணங்களுடன் வழக்கறிஞரையோ சட்டப் பணிகள் குழுவையோ அணுகி அறிவுரை பெற்றுச் செயற்படுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.